சொட்டும் இடத்தில் ஓட்டை இருக்காது

பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மழை பெய்தால் உள்ளே படுக்கைமேல் சொட்டுகிறதாம். மேல்தளத்தின் ஓரத்தில், ஆள் தவறி விழாமல் தடுக்க நிற்கும் தடுப்புக் கம்பத்தின் அடியைச் சுற்றி மூன்று தடவை சிலிகோன் பூசியும் நிற்கவில்லையாம். ஏன்?

கம்பம் ஆடுகிறது, அதனால்தான். 60 செ.மீ. உயரக் கம்பத்தின் உச்சியில் ஒருவர் 20 கிலோ அளவுக்குச் சாய்ந்தால், அடித்தகட்டில் 6 செ.மீ. இடைவெளியில் உள்ள போல்ட்டுகளை அது கிட்டத்தட்ட 200 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். பள்ளியில் படித்த அதே நெம்புகோல். தகடு மயிரிழை எழும்பும், ஓரத்தில் பூசிய சிலிகோன் பிரியும். 0.1 மி.மீ. இடுக்கு போதும். நுண்புழை ஏற்றத்தால் தண்ணீர் அதற்குள் 15 செ.மீ. வரை மேல்நோக்கியே ஏறும். கீழே போல்ட் ஓட்டைக்குள் இறங்கக் கேட்கவா வேண்டும்?

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பசையைத் தடவி, பிதுங்கப் பிதுங்க இறுக்கினால், தகட்டுக்கு அடியில் 0.1 மி.மீ. படலம்தான் மிஞ்சும் என்று வையுங்கள். தகடு இன்னொரு 0.1 மி.மீ. எழும்பினால் அந்தப் படலம் இரு மடங்காக நீள வேண்டும். கிழியும், அல்லது உரியும். அதே பசை 2 மி.மீ. தடிமனாக இருந்தால்? அதே அசைவு வெறும் 5 சதவீத நீட்சி. சரி, இறுக்கும்போது அந்தத் தடிமனை எப்படிக் காப்பாற்றுவது? தளத்து ஓட்டையின் வாயைப் புனல்போலச் சரித்துவிடுவார்கள். எவ்வளவு இறுக்கினாலும் புனலுக்குள் இருக்கும் பசை நசுங்கி மெலியாது. போல்ட்டின் கழுத்தைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையமாக உட்கார்ந்துவிடும். ட்ரில்லை நாலு சுற்றுச் சுற்றினால் கிடைக்கிற வளையம்! அதை விட்டுவிட்டு விலையுயர்ந்த பசையைத் தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இந்த இடத்துக்குக் காய்ந்து இறுகாத சாதாரண பியூட்டில் ரப்பர் டேப்பே போதும்.

மற்றதெல்லாம் வெறும் உடலுழைப்பு. பல தளங்களில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும், நனைந்தால் மக்கிவிடும். ஓட்டையைப் பெரிதாக்கி, மக்கியதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, கெட்டி எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, நடுவில் மறுபடி துளைக்க வேண்டும். பழைய சிலிகோன் துளிகூட மிஞ்சக் கூடாது, அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. முடுக்கும்போது நட்டைத் திருகுங்கள். போல்ட் சுழன்றால் வளையம் அறுந்துவிடும்.

எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஓட்டைக்குள் தேங்கிய உப்புத் தண்ணீரில் அது ஏது? நான் ஒருமுறை கழற்றிய போல்ட், தலையும் நுனியும் பளபளவென்றிருக்க, நடுவில் சீவிய பென்சில்போல மெலிந்திருந்தது.

அப்புறம், எந்தக் கம்பத்தைக் கழற்றுவது? உள்ளே புகுந்த தண்ணீர் கூரையின் உள்தகட்டோடு எங்கெங்கோ ஓடித்தான் சொட்டும். ஜன்னல்களை அடைத்து, ஒரு புளோயரால் அறைக்குள் காற்றை ஊதுங்கள். தளத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். காற்று வெளியேறும் ஓட்டையில் குமிழி வரும். மூன்று தடவை பூசிய கம்பம் சும்மா நிற்க, இரண்டு கம்பம் தள்ளிக் குமிழி வரலாம்.