முகாமின் கடைசி இரவுக்குப் பிறகு

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வாரத்தில், ஒரே கவலையோடு சில பெற்றோர் என் ஆலோசனை அறைக்கு வருவதுண்டு. "வாலிபர் முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து பையன் சரியில்லை, மேடம்" என்றார் ஒரு தாய். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பதினேழு வயது மகன்; போனது திருச்சபையின் இளைஞர் குழு நடத்திய முகாம். கடைசி இரவு ஆராதனையில் விளக்குகளை அணைத்து, பாட்டு மெல்ல ஒலிக்க, "ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் யார்?", அதாவது வாழ்நாளை இறைப்பணிக்கே தருபவர்கள் யார் என்று கேட்டபோது கையை உயர்த்தியிருக்கிறான். திரும்பியதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவில்லை. ஊழியத்துக்குக் கணக்கு எதற்கு என்கிறான்.

தனியே பேசியபோது வேறொன்று தெரிந்தது. மூன்றாம் வாரத்திலேயே அந்த உருக்கம் வடிந்துவிட்டது, ஜெபம் வரவில்லை. குழுவில் சொன்னால் 'பின்மாற்றம்', அதாவது விசுவாசத்திலிருந்து விலகல், என்பார்களே என்ற பயத்தில், முன்னிலும் மும்முரமாக நடித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை ஒதுக்கியதும் அந்த நடிப்பில் சேர்ந்ததுதான்.

குறைந்த தூக்கம், வீட்டைப் பிரிந்த சில நாட்கள், சேர்ந்திசை, சுற்றிலும் அழும் நண்பர்கள். யாருக்கும் மனம் இளகும். அந்த அனுபவத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். நானும் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள்தான். வாய் திறக்காத பிள்ளைகள் முதல்முறை மைக் பிடிப்பதும் இத்தகைய குழுக்களில்தான். அந்த இளகலில் வாழ்நாள் முடிவைக் கேட்டு வாங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. இளையோரின் அடையாளத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா, 1966-இல் இரண்டைப் பிரித்துக் காட்டினார்: தேடிப் பார்த்து அடைந்த உறுதி ஒன்று, தேடாமலே பிறரிடமிருந்து எடுத்துக்கொண்ட உறுதி மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தேடவிடும் குழுக்களும் உண்டு. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற பாதிரியார் 1925-இல் நிலைநிறுத்திய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் முதலில் அவர்களுடைய தொழிற்சாலையையே பார்க்கச் சொன்னது. பிறகு அதைச் சீர்தூக்கச் சொன்னது. அதன் பிறகே செயல். வழிநடத்தியவர்களும் அந்த இளைஞர்களே.

எனவே, பிள்ளை போகும் குழு எப்படிப்பட்டது என்று கேட்கும் பெற்றோரிடம் நான் ஒன்றைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இரண்டு வாரம் வராதவனுக்குப் போன் செய்பவர் "உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்கிறாரா, "ஏன் வரவில்லை?" என்று கேட்கிறாரா? "வீட்டில் சொல்லாதே" என்று யாராவது சொன்னால் யோசிக்கவே வேண்டாம், அன்றே அழைத்து வந்துவிடுங்கள். விசுவாசம் இருந்தால் போதும் என்று வலிப்பு மாத்திரையையோ மனச்சோர்வு மாத்திரையையோ நிறுத்தச் சொன்னாலும் கேட்காதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து, மருத்துவரைக் கேளுங்கள்.

அந்தப் பையன் நான்காவது சந்திப்புக்கு வந்தபோது, தன் குழுவை நடத்தும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவர் திட்டவில்லையாம். "கணக்கில் எத்தனையாவது அதிகாரத்தில் இருக்கிறாய்?" என்று கேட்டாராம்.