டோப்: விமான இறக்கைத் துணிக்குப் பூசுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

துணி போர்த்திய சிறிய விமானங்களைப் பழுது பார்க்கிறவர்கள் வாயில் ஓயாமல் வரும் சொல் டோப். போதைப்பொருளுக்கும் அதே பெயர்தானே என்று கேட்டால், ஆமாம், ஒரே சொல்தான். டச்சு மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்புக்கான சொல் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் கொழகொழவென்று இருக்கும் எந்தக் கலவைக்கும் பெயரானது. புகைக்கக் காய்ச்சிய அபின் பாகுக்கும் அது ஒட்டிக்கொள்ள, அங்கிருந்து கிளைத்ததுதான் போதை என்ற பொருள். விமானக்காரர்கள் எடுத்துக்கொண்டது பழைய பொருளை.

இதை வார்னிஷ், பெயின்ட் என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. லினன் அல்லது பருத்தித் துணியில் பூசியதும் இது இழைகளுக்குள் ஊறி, கரைப்பான் ஆவியாக ஆவியாகச் சுருங்கி, துணியை மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக்குகிறது, கூடவே காற்றும் ஈரமும் புகாமல் அடைக்கிறது. இதில் செல்லுலோஸ் நைட்ரேட் வகை துணியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சட்டென்று தீப்பற்றும். பியூட்டிரேட் வகை அவ்வளவு வேகமாக எரியாது. நைட்ரேட்டின் மேல் பியூட்டிரேட் பூசலாம், மாற்றிப் பூசினால் சரியாக ஒட்டாது.

கிழிசலைச் சரிசெய்யும்போது இந்த வேறுபாடெல்லாம் கைக்கே தெரியும். கிழிசலைச் சுற்றியுள்ள பழைய பூச்சைக் கரைப்பான் தடவி இளக்கி எடுத்து, வளைந்த ஊசியால் இரு விளிம்பையும் சேர்த்துத் தைத்து, நூல் பிரியாதபடி ஓரம் பல்பல்லாக வெட்டிய ஒட்டுத்துணியை அதன்மேல் வைத்து மறுபடி டோப் பூச வேண்டும். அதற்குமேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு வரும், வெயிலின் புற ஊதாக் கதிர் துணியை அரிக்காமல் தடுப்பது அதுதான். அழகுக்கு என்று நினைத்து அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் தோன்றுவது 'இறுக்குப்பூச்சு', செய்கிற வேலையை அப்படியே சொல்லும் நல்ல சொல். ஆனால் பாலியெஸ்டர் துணி வந்த பிறகு ஒரு சிக்கல். அதை இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே சுருக்கி இறுக்கிவிடுகிறார்கள், அதற்கு மேல் டோப்பும் சுருங்கிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் மெல்லிய சட்டங்கள் வளைந்துவிடக்கூடும். அதனால் அதிகம் சுருங்காத டோப் என்றே தனியாக ஒன்று இருக்கிறது, அதைப்போய் இறுக்குப்பூச்சு என்றால் பொருளே தலைகீழாகிவிடும்.

ஆகவே பொதுப்பெயராகத் 'துணிப்பூச்சு', சுருங்கும் வகைக்கு 'இறுக்கும் துணிப்பூச்சு', மற்றதற்கு 'இறுக்காத துணிப்பூச்சு' என்று வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பட்டறையில் டோப் என்றே பேசட்டும், அதில் தவறில்லை. பழுதுபார்ப்புக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது மட்டும் எந்த வகை என்பதைக் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள், படிக்கிறவர் எந்த டப்பாவைத் திறக்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான்.