பெரிய ஆட்டம் முடிந்த மறுநாள் காலை

2016 மார்ச் 12, சனிக்கிழமை. சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் நடந்த ரக்பி ஆட்டத்தில் ஜப்பானின் சன்வுல்வ்ஸ் அணி, தென்னாப்பிரிக்காவின் சீட்டாஸ் அணியிடம் 31-32 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. மறுநாள் காலை எங்கள் சிறுவர் கிளப் மைதானத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிள்ளைகள் வந்து நின்றார்கள். பயிற்சியாளர்கள் இரண்டு பேர்தான். பிசியோதெரபிஸ்ட் நான் ஒருவன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டேக்கிள் செய்ய, அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்த, குனிந்த பதினொரு வயதுப் பையனின் தலையில் எதிரே ஓடிவந்தவனின் முழங்கால் பட்டது. எழுந்தான், நடந்தான், "ஒண்ணும் இல்ல" என்றான். எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். தப்பான பக்கத்தைக் காட்டினான். கோட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டேன். அவன் அப்பா வந்தார். கோபமாக இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: "டிவியில பெரிய ஆளுங்கள வெளியே கூட்டிட்டுப் போறாங்க தம்பி, பத்து நிமிஷத்துல திரும்ப வந்து ஆடுறாங்களே?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரக்பியை வளர்க்க வேண்டும் என்று பெரிய அணிகளை வெளிநாட்டு அரங்குகளுக்குக் கொண்டுபோகிறார்கள். நல்ல விஷயம், நானும் போய்க் கைதட்டுகிறவன்தான். ஆனால் மறுநாள் காலை பந்தைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் என்ன தயாராக இருக்கிறது?

தொலைக்காட்சியில் அவர் பார்த்தது தலைக்காய மதிப்பீடு. அன்றைக்கு அதற்கு 10 நிமிடம், பிறகு 12 ஆக்கினார்கள். அந்த நேரத்துக்குள் பயிற்சி பெற்ற மருத்துவர் ஆட்டக்காரரின் நினைவாற்றலையும் நிற்கும் சமநிலையையும் சோதிக்கிறார், அடிபட்ட காட்சியை வீடியோவில் திருப்பிப் பார்க்கிறார், பருவத் தொடக்கத்தில் எடுத்து வைத்த அளவுகளோடு ஒப்பிடுகிறார். ஆட்டம் முடிந்த பிறகும் சோதனை தொடரும். எங்களைப் போன்ற கிளப்புகள் ஆடும் பூங்காவில் இதில் எது இருக்கிறது? அதனால் சிறுவர் ஆட்டத்துக்கும் கிளப் ஆட்டத்துக்கும் விதி ஒன்றே ஒன்று. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடு, அன்றைக்குத் திரும்ப இறக்காதே. டேக்கிளும் அப்படித்தான். சர்வதேச ஆட்டத்தில் தோள் மட்டம் வரை பிடிக்கலாம். இங்கிலாந்தின் கிளப் ஆட்டங்களில் 2023-லிருந்து மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். அரங்கில் பார்த்ததை அப்படியே பூங்காவில் செய்யும் பிள்ளை வேறு விதிகள் உள்ள ஆட்டத்தை ஆடுகிறான். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் பின்னால் பணக்கணக்கு உண்டு. ரக்பியின் நெடுநாள் வழக்கப்படி டிக்கெட் வருமானம் ஆட்டத்தை நடத்தும் நாட்டுக்கே போகும், வந்து ஆடுகிற அணிக்குப் பங்கில்லை. மூன்றாவது நாட்டில் ஆடினால் இரண்டு அணிகளும் சம்பாதிக்கலாம். 2014-ல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் நியூசிலாந்து அமெரிக்காவை 74-6 என்று வென்றதைப் பார்க்க அறுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2016-ல் அதே அரங்கில் அயர்லாந்து 40-29 என்று நியூசிலாந்தை வரலாற்றிலேயே முதன்முறையாக வீழ்த்தியது. அரங்கு நிறைந்தது. ஆனால் அதே ஆண்டு தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறை லீக் ஒரே பருவத்தோடு மூடப்பட்டது. 2018-ல் வேறொரு லீக் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் சமோவா. அந்த வம்சாவளியினர் எத்தனையோ பேர் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். இருந்தும் நியூசிலாந்து அணி சமோவாவின் தலைநகர் ஆப்பியாவுக்கு வந்து முதல் சர்வதேச ஆட்டம் ஆட 2015 வரை ஆனது. எனக்கு இது இன்றும் வருத்தம்தான்.

வந்துபோகிறவர்களை மட்டும் நம்பிய ரக்பி என்னவாகும் என்பதற்குக் கல்கத்தாவே சாட்சி. 1872 கிறிஸ்துமஸ் அன்று அங்கே ஆட்டம் நடந்தது, அடுத்த ஆண்டு கிளப் தொடங்கியது. ஆடியவர்கள் பிரிட்டிஷ் படையினரும் வணிகர்களும். படைப்பிரிவு இடம் மாறியதும் ஆள் இல்லை. கிளப்பைக் கலைத்து, மிச்சப் பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிகள் நாகங்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். கோப்பை பிரிட்டனுக்குப் போய் நிலைத்தது, கல்கத்தாவில் அந்தக் கிளப் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லை.

ஜப்பான் வேறு மாதிரி. 2019-ல் அங்கே நடந்த உலகக் கோப்பைக்கு முன்பே ஆரம்பப் பள்ளிகளில் டேக் ரக்பி இருந்தது. இடுப்புப் பட்டையில் தொங்கும் துணியை உருவினால் போதும், மோதல் கிடையாது. உலகக் கோப்பை ஆட்டங்களை 12 நகரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று கமாய்ஷி. அந்தச் சின்ன எஃகுத் தொழில் ஊரின் அணி ஒரு காலத்தில் தொடர்ந்து ஏழு முறை தேசிய சாம்பியன். 2011 சுனாமியில் அழிந்த பள்ளிகள் நின்ற இடத்தில் அரங்கைக் கட்டினார்கள். அங்கே நடக்க வேண்டிய கனடா-நமீபியா ஆட்டம் சூறாவளியால் ரத்தானபோது, கனடா வீரர்கள் தெருவில் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். அந்த ஊருக்கு ரக்பியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

2031-ல் ஆண்கள் உலகக் கோப்பை அமெரிக்காவுக்குப் போகிறது. ஒரு ஊருக்குப் பெரிய ஆட்டத்தைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஆட்டத்துக்கு ஆறு மாதம் முன்பே அந்த ஊரின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு டேக்கிள் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் கொடுங்கள். டிக்கெட்டோடு பக்கத்து கிளப்பின் முகவரியையும் கொடுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளை முதல் சில வாரம் டேக் ரக்பியில் விடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தலையில் அடிபட்ட பிள்ளை நினைவு தப்பினால்தான் ஆபத்து என்றில்லை, பெரும்பாலும் நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், வழக்கமில்லாத எரிச்சல், இவை அடுத்த நாள்கூட வரலாம். முதல் 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பவே சிரமமாக இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் ஓட்டம், பந்துப் பயிற்சி, கடைசியாக டேக்கிள் என்று படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும்.

அந்தப் பையனுக்கு அன்று சாயங்காலம் தலைவலி வந்தது. அப்பா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அடுத்த சில ஞாயிறுகளில் இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். டேக்கிளுக்கு அவன் திரும்பி வந்த நாளில், அப்பா புதிதாக வந்த இன்னொரு பெற்றோரிடம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.