தீயணைப்பு வீராங்கனையா, தீயணைப்புப் படை மகளிரா?

இரண்டாம் உலகப்போர்க் காலத்து லண்டனைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் ‘தீயணைப்பு வீராங்கனைகள்’ வந்துவிடுகிறார்கள். ‘ஃபயர்வுமன்’ என்பதற்கு இதுவே தமிழ் என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது. அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் ‘லீடிங் ஃபயர்வுமன்’ என்பதை ‘முன்னணி வீராங்கனை’ என்று போட்டிருந்தார்கள். அது நம் காவல்துறையின் தலைமைக் காவலர் போல ஒரு பதவிப் பெயர். ‘முன்னணி வீராங்கனை’ என்று படிப்பவருக்கு டென்னிஸ் தரவரிசைதான் நினைவுக்கு வரும். இதற்கு மேலும் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பில் பெரிய சிக்கல் இல்லை. ஃபயர்மேனின் பெண்பால் ஃபயர்வுமன். ஃபயர்மேன் என்ற சொல்லே இரண்டு பக்கம் வெட்டும்: ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டு நெருப்பை வளர்த்தவரும் ஃபயர்மேன், ஊரில் நெருப்பை அணைத்தவரும் ஃபயர்மேன். பிரிட்டனில் போர் வரும் என்று அஞ்சி 1938-இல் துணைத் தீயணைப்புப் படையைத் தொடங்கிப் பெண்களையும் சேர்த்தார்கள். 1941 ஆகஸ்டில் ஊருக்கு ஊர் இருந்த படைகளை ஒன்றாக்கித் தேசியத் தீயணைப்புப் படை அமைத்தார்கள். அதில் 1943 வாக்கில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஃபயர்வுமன் என்பது அவர்களுடைய பதவியின் பெயர், பட்டம் அல்ல.

வீராங்கனைக்கு வருகிறேன். வீர + அங்கனா, வடசொல். அங்கனா என்றால் அங்கம் வடிவாக அமைந்தவள். உடலழகைச் சொல்லும் அடி அது. ‘வாராங்கனை’ என்று அதே அச்சில் வந்த இன்னொரு சொல் யாரைக் குறிக்கும் என்பதை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு விழும் ஊரில் இரவு முழுக்கத் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்தச் சொல்லா?

வடமொழி என்பதற்காக மட்டும் இதைத் தள்ளச் சொல்லவில்லை. பொருளும் தவறு. வீராங்கனை என்றதும் ஏணி மேல் நின்று குழாயைப் பிடித்திருக்கும் பெண்தான் கண்ணுக்கு வருகிறார். போர்க்காலப் பெண்களில் பெரும்பாலோர் செய்த வேலை அதுவல்ல. அழைப்பு வரும் அறையில் இருந்தார்கள். எந்த வண்டி எங்கே போயிருக்கிறது என்று பலகையில் வில்லைகளை மாற்றி மாற்றி மாட்டினார்கள். தொலைபேசிக் கம்பி அறுந்தால் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு ஓடினார்கள். வண்டி ஓட்டினார்கள், அணைப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். சம்பளம் ஆணுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2 பவுண்டு. வீராங்கனை என்ற ஒரு சொல்லைப் போட்டதும் இத்தனை வேலையும் மறைந்துவிடுகிறது.

துணைத் தீயணைப்புப் படையில் இருந்த ஜிலியன் டானரைப் பாருங்கள். 1940 செப்டம்பர் 20, லண்டனின் பெர்மண்ட்சி பகுதி. ஆறு இடங்களில் பெருந்தீ. தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்குப் பெட்ரோல் வேண்டும். டின்களில் 150 கேலன் பெட்ரோலை லாரியில் ஏற்றிக்கொண்டு, மேலே குண்டு விழ விழ, மூன்று மணி நேரம் ஒவ்வொரு தீயாகப் போய்க் கொடுத்தார். வீரச் செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அவரை வீரமிக்கவர் என்று நூறு முறை எழுதுங்கள், எனக்குச் சம்மதம். அது செயலுக்கான பாராட்டு. படையில் சேர்ந்த முதல் நாளே எல்லாரையும் வீராங்கனை ஆக்கிவிட்டால் டானருக்குச் சொல்ல என்ன மிச்சம்?

இன்னொரு குழப்பமும் உண்டு. லண்டன் தீயணைப்புப் படை தீயை நேரில் அணைக்கும் முழுநேரப் பணிக்கு முதல் பெண்ணை எடுத்தது 1982-இல். ‘1940-இல் ஆயிரக்கணக்கான தீயணைப்பு வீராங்கனைகள்’ என்று ஒரு பக்கத்திலும், ‘முதல் வீராங்கனை 1982-இல்’ என்று அடுத்த பக்கத்திலும் இருந்தால் படிப்பவர் எதை நம்புவார்?

‘துணை’யிலும் இதே கவனக்குறைவுதான். துணைத் தீயணைப்புப் படைப் பெண் என்பதைத் ‘தீயணைப்பு வீரர்களுக்கு உதவிய பெண்’ என்று எழுதுகிறார்கள். துணை என்பது படைக்கு அடைமொழி. நிரந்தரப் படைக்கு அது துணை, அதில் இருந்த ஆண்களும் துணைப்படையினரே. ஆண் வந்தால் படையினர், பெண் வந்தால் எடுபிடி என்று மூலத்தில் எங்கும் இல்லை. 1941 ஏப்ரலில் கிழக்கு லண்டனில் துணை நிலையமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்து 34 பேர் இறந்தார்கள். அதில் இருவர் பெண்கள், இருவரும் பணியில் இருந்த படையினர்.

தமிழ்நாட்டு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் ‘தீயணைப்பாளர்’ இருக்கிறது. ஆண்பால் பெண்பால் பார்க்காத நல்ல சொல். தீயை நேரில் அணைப்பவருக்கு அது போதும். ஆனால் போர்க்காலப் பெண்களுக்கு இலங்கைத் தமிழ் ஏடுகள் எழுதும் ‘தீயணைப்புப் படையினர்’ இன்னும் பொருந்தும். தொலைபேசியில் இருந்தவர், வண்டி ஓட்டியவர், சமைத்தவர் எல்லாரும் அதில் அடங்குவார்கள். பெண் என்று சொல்லியே தீர வேண்டிய இடத்தில் ‘தீயணைப்புப் படை மகளிர்’. மகளிர் காவல் நிலையம் வழக்கில் இருக்கும்போது இதற்குத் தயக்கம் தேவையில்லை. ஒருவரைச் சொல்ல ‘தீயணைப்புப் படைப் பெண்’.

கூரை மேல் நின்று, எரிகுண்டு விழுந்தால் மணலும் கைப்பம்பும் கொண்டு அணைத்த ஃபயர் வாட்சர்கள் வேறு. அவர்கள் படையில் இல்லாத ஊர்மக்கள். 1942-இல் இந்தக் காவல் பெண்களுக்கும் கட்டாயமானது. அவர்களைத் ‘தீக்காவலர்’ என்று எழுதுங்கள். ‘வாட்ச்ரூம்’ என்பதை மட்டும் ‘கண்காணிப்பு அறை’ என்று எழுதாதீர்கள். அங்கே யாரும் எதையும் கண்காணிக்கவில்லை, அழைப்பை வாங்கி வண்டியை அனுப்பினார்கள். அது ‘அழைப்பு அறை’.