காப்புரிமை: எதற்கு உண்டு, எதற்கு இல்லை

"கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் காப்புரிமை" என்று இன்னமும் எழுதுகிறார்கள். 2020-இல் அதற்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. கடலைமிட்டாயை நான்தான் கண்டுபிடித்தேன் என்று அங்கே யாரும் உரிமை கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம், அவ்வளவுதான். பத்தமடைப் பாய்க்கு உள்ளதும் அதுவே.

காப்புரிமை என்றால் பேட்டன்ட். 'திறந்திருத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். எல்லாரும் படிக்கட்டும் என்று மூடாமல் அரசர் முத்திரையிட்டுத் தந்த ஆணை மடல்தான் பழைய பேட்டன்ட். இன்றும் பேரம் அதேதான். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால், விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு பிறர் அதைச் செய்யாமல் தடுக்கலாம். 'காப்பு' என்றால் மறைப்பது போலிருக்கிறதே என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பக்கத்துக் கோயில் கொடையில் காப்புக் கட்டுவது ஊரறியத்தானே? அதற்கு அவிழ்க்கும் நாளும் உண்டு.

எனக்குப் பொறுக்காதது, இதே சொல்லைக் காப்பிரைட்டுக்கும் போடுவது. 'காப்பி' என்ற ஓசை காதில் 'காப்பு' என்று விழுந்த மயக்கமாகத்தான் இருக்க வேண்டும். பதிப்புரிமை என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. பதிப்பு என்றால் புத்தகம்தானே, பாட்டுக்கும் வீடியோவுக்கும் எப்படிப் பொருந்தும் என்கிறார்கள். ஏன், ஒலிப்பதிவு என்று சொல்வதில்லையா? எழுத்தானாலும் குரலானாலும் படமானாலும் பதிவதுதான். பொருத்தம் கிடக்கட்டும், இரண்டும் அடிப்படையிலேயே வேறு. பதிப்புரிமை எழுதியவுடன், எடுத்தவுடன் தானாக வந்துவிடும். காப்புரிமை விண்ணப்பித்து, ஆய்வில் தேறினால்தான் வரும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ஏமாறுவது கண்டுபிடித்தவர்தான்.

பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், பாய்க்கோரையை மெல்லிசாகக் கிழிக்க ஒரு கருவி செய்தார். பற்சக்கரம் தெரியக் கழற்றிக் காட்டி, யூடியூபில் வீடியோவும் போட்டுவிட்டார். விண்ணப்பித்தாயா என்றேன். "கீழ காப்புரிமைன்னு போட்டிருக்கேன்லா, அண்ணாச்சி" என்றார். அந்த வரி காப்பது வீடியோவை. கருவியைப் பார்த்து இன்னொருவர் செய்வதை அது தடுக்காது. அதைவிடக் கேடு, விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டியதால் 'புதியது' என்ற தகுதியே போய்விட்டது. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டிருந்தால் அந்தத் தேதியே விண்ணப்ப நாளாகக் கணக்கில் வந்திருக்கும். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அதே வரியைக் கருவியின் மேலும் அச்சடிக்க இருந்தார். இல்லாத பேட்டன்ட்டை விற்கும் பொருளில் காட்டுவது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 120-ஆவது பிரிவின்படி தண்டத்துக்குரியது.

கருவியின் பெயரைப் பதிந்திருக்கிறேனே என்றும் சொன்னார். அது வணிகக்குறி. பெயரைக் காக்கும், பற்சக்கரத்தைக் காக்காது.

இந்தக் குழப்பம் தம்பியோடு தொடங்கியதல்ல. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். செய்தி எழுதுபவர்கள் அதையே பரப்புகிறார்கள்.

கோரையின் பருமனுக்கேற்ப இடைவெளியை மாற்றும் திருகு ஒன்றைத் தம்பி பிறகு சேர்த்திருக்கிறார். வீடியோவில் அது இல்லை. அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை என்றார். பழைய கருவியைப் பார்த்த எந்தப் பட்டறைக்காரருக்கும் எளிதில் தோன்றாத மாற்றம் என்று நிறுவ முடிந்தால் அதற்கு மட்டும் காப்புரிமை கேட்கலாம். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.