டிடக்‌ஷன்: விலக்கா, கழிவா?

தம்பியோடு ஃபிளாட் பார்க்கப் போயிருந்தேன். விற்பனை அலுவலகத்தில் இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, “வீட்டுக் கடன் வட்டிக்கு வருஷம் ரெண்டு லட்சம் வரிவிலக்கு சார், தவணையில பாதிக்கு மேல அதுலயே வந்துடும்” என்றார். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் பதறியது.

வருமான வரிச் சட்டம் தருவது விலக்கு இல்லை, டிடக்‌ஷன். லத்தீனில் ‘அப்பால் கொண்டுபோதல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல். வருமானத்திலிருந்து 2 லட்சம் வரை எடுத்துவிட்டு, மீதிக்கு வரி போடுவார்கள். வரியில் 2 லட்சம் குறையாது.

30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 27,000. முதல் வருட வட்டி மட்டும் ஏறத்தாழ 2,68,000. பழைய வரிமுறையில் 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மிச்சமாவது, வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து, 41,600 ரூபாய். மீதி வட்டி நம் கையிலிருந்துதான் போகிறது. புதிய வரிமுறையில், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு இந்த 41,600-உம் கிடையாது.

இதற்குச் சரியான தமிழ், கழிவு. கல் வைத்த நகையை அடகு வைத்துப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கல்லுக்காக எடையில் 2 கிராம் கழிப்பார்கள். அப்புறம்தான் மீதி எடைக்கு விலை போடுவார்கள். எடையில் கழிப்பது வேறு, விலையில் குறைப்பது வேறு. வரியிலேயே குறைத்தால் அது தள்ளுபடி. விவசாய வருமானம்போல வரி வளையத்துக்குள்ளேயே வராதது விலக்கு.

கழிவு என்றால் கழிவுநீர் நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். பள்ளியில் கழித்தல் கணக்குப் போட்டவர்கள்தானே நாம்? ‘நிலையான கழிவு’ என்று பத்திரிகைகள் எழுதி, அது பழகியும் விட்டது. இலங்கைக் கடைகளில் விலைக்கழிவு என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது.

இந்தக் கணக்குமுறையும் நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள், ஊரின் மொத்த நிலத்தை அளந்து சொல்லிவிட்டு, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் ‘இறையிலி’ என்று நீக்குகின்றன. இறை என்றால் வரி. இறையிலி, வரி இல்லாதது. மிஞ்சிய நிலத்துக்குத்தான் காணிக்கடன், அதாவது நெல்லாகக் கட்டும் வரி. நத்தம் என்பது வீடுகள் இருக்கும் இடம். ஆயிரம் வருடத்துக்கு முன்பே வீட்டு மனையைக் கழித்துவிட்டு வரி கணக்கிட்டிருக்கிறார்கள்! ‘கிராம நத்தம்’ என்ற சொல் இன்றும் நம் வருவாய்ப் பதிவேடுகளில் இருக்கிறது.

ஆகவே இறையிலிக்கு நேரான இன்றைய சொல் வரிவிலக்கு. வீட்டுக் கடனுக்குக் கிடைப்பது வட்டிக் கழிவு. தம்பியின் கணக்கு நோட்டில் ‘விலக்கு’ என்பதை அடித்துவிட்டு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், பக்கத்திலேயே 41,600 என்று.