'ஃபேமிலி ஹெல்த் அசெஸ்மென்ட்': தமிழில் என்ன சொல்வது?

செவிலியர் படிப்பில் சமூகப் பணிக்காக குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துக்கு முதல்முறை போனபோது என் கையில் இருந்த படிவத்தின் தலைப்பு 'குடும்ப சுகாதார மதிப்பீடு'. திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம், "உங்க வீட்டுக்கு மதிப்பீடு பண்ண வந்திருக்கோம் ஆயா" என்றேன். அவர் கை நிற்கவே இல்லை. "வூட்டு வரி கட்டியாச்சு கண்ணு, ரசீது உள்ள இருக்குது" என்றார்.

தப்பு அவர்மேல் இல்லை. மனைக்கு, வீட்டுக்கு, அடகு வைக்கிற நகைக்குத்தான் யாராவது வந்து மதிப்புப் போடுவார்கள். அப்படி வருகிறவர்களிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். வீட்டில் காசநோய் மாத்திரை சாப்பிடுகிற மகன் இருக்கிறான் என்பதை வரி போட வந்தவரிடம் யார் சொல்வார்கள்?

சரி, அந்தப் படிவத்தின் ஆங்கிலப் பெயரான 'ஃபேமிலி ஹெல்த் அசெஸ்மென்ட்' எதைக் குறிக்கிறது? ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, குடிதண்ணீரை எதில் பிடித்து வைக்கிறார்கள், அடுப்புப் புகைக்கு வெளியே போக வழி இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்களா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று அந்த வீட்டில் முடிவு எடுப்பது யார் என்பதையெல்லாம் செவிலியர் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, தெரிந்துகொள்வது. நோயாளி ஒருவர் என்றாலும் கவனிக்க வேண்டியது குடும்பம் முழுவதையும் என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. சர்க்கரை இருப்பவருக்கு உணவு முறை சொல்லிக்கொடுத்து என்ன பயன், சமைப்பது மருமகளாக இருந்தால்?

இதை எப்படிச் செய்வது என்று காட்டுகிற மாதிரிகளும் ('மாடல்') தனியாக இருக்கின்றன. கனடாவின் கால்கரி மாதிரி குடும்பத்தின் அமைப்பு, வளர்ச்சி, செயல்பாடு என்று மூன்று பக்கமாகப் பார்க்கிறது. மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைகிற 'ஜீனோகிராம்' உண்டு, தலைமுறைப் படம் என்று சொல்லலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி. சொந்தத்துக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. நம் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டியவர்கள் பல வீட்டில் இருப்பதால் அந்த இரட்டைக் கோடு கைக்குச் சீக்கிரமே பழகிவிடுகிறது.

இப்போது 'அசெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். இதன் வேர் லத்தீனில் 'அசிதேரே', பக்கத்தில் உட்காருவது என்று பொருள். ரோமானிய நீதிமன்றத்தில் நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்பவர் 'அசெசர்'. அப்புறம் அது வரி நிர்ணயிக்கிற வேலைக்குப் போனது. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதே வரிச் சொல்லாகத்தான் வந்தது. ஆட்களையும் நிலைமைகளையும் எடைபோடுகிற பொருள் வெகு பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆக, வீட்டு வரி ரசீதைச் சொன்ன அந்த ஆயா, சொல்லின் பாதி வரலாற்றைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி, பக்கத்தில் உட்காருவது. அதைத்தான் மொழிபெயர்த்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பாதி தமிழில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) மருத்துவத்தின் நான்கு கூறுகளாக உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று சொல்கிறது. உழை என்றால் பக்கம். நோயுற்றவரின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர் உழைச்செல்வான். அதற்கு முந்தின குறளில் உற்றான் அளவு, பிணி அளவு, காலம் மூன்றையும் கருதிச் செய் என்று வருகிறது. நோய் எவ்வளவு என்பதற்கு முன்னால் நோயுற்றவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கச் சொல்கிறது, கவனியுங்கள்.

'ஹெல்த்' என்பதற்குச் 'சுகாதாரம்' போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. சுகாதாரம் என்றதும் இப்போது சாக்கடையும் கொசு மருந்தும்தான் ஞாபகம் வருகின்றன, 'சுகாதாரக் கேடு' என்று எதைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அரசுத் துறையே 'மக்கள் நல்வாழ்வு' என்றும் 'குடும்ப நலம்' என்றும்தான் பெயர் வைத்திருக்கிறது. நலம் போதும்.

'குடும்பம்' அப்படியே இருக்கட்டும், குறளிலேயே (1029) இருக்கிற சொல். ஆங்கில 'ஃபேமிலி'யின் மூலமான லத்தீன் 'ஃபமிலியா', வேலையாளைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது, ஒரு வீட்டின் அடிமைகளையும் சேர்த்தே குறித்தது. நம் சொல்லின் பக்கத்தில் இருப்பது 'குடிமக்கள்' என்பதில் வருகிற குடி. ஆனால் களத்தில் ஒரு சிக்கல் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாக வசிப்பவர்கள் ஒரு வீட்டார். நான் "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டால், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற பையனையும் சேர்த்து ஆறு என்பார்கள். "ஒரே உலையில சாப்பிடறவங்க எத்தனை பேர்?" என்றால் நான்கு என்பார்கள். இரண்டு எண்ணும் வேண்டும். பணம் அனுப்புகிறவன் அந்த உலையில் இல்லை, ஆனால் அறுவைச் சிகிச்சைக்குச் சரி சொல்ல வேண்டியவன் அவன்தான்.

மதிப்பீடு வேண்டாம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. செவிலியப் பணிமுறைக்கு ஐந்து படிகள். முதல் படி 'அசெஸ்மென்ட்', கடைசிப் படி 'எவால்யுவேஷன்'. தமிழில் இரண்டுக்கும் மதிப்பீடு என்றே எழுதினால், தேர்வுத்தாளில் மாணவி எதை எழுதுவாள்? செய்த வேலைக்குப் பலன் கிடைத்ததா என்று பார்க்கிற கடைசிப் படிக்கு மதிப்பீடு பொருந்தும், அதற்கே கொடுத்துவிடலாம்.

முதல் படிக்கு நான் சொல்ல நினைப்பது, நலமறிதல். நானாக உருவாக்கிய சொல் இல்லை. கடிதம் எழுதிய தலைமுறை முழுக்க "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்துத்தான் எழுதியது. எழுதத் தெரியாதவர்கள்கூட எழுதச் சொல்லிக் கேட்ட வரி அது. கேட்கிறவருக்கு அக்கறை இருக்கிறது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அறிதல் என்பதால் பார்ப்பது, கேட்பது, தொட்டுப் பார்ப்பது, ரத்த அழுத்தம் அளப்பது எல்லாம் அதில் அடங்கிவிடும்.

சிலர் 'குடும்ப நல ஆய்வு' என்கிறார்கள். ஆய்வு என்றதும் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்குகிற மாதிரி இருக்கிறது. 'கணக்கெடுப்பு' என்று சொன்னால் எண்ணுவதோடு நின்றுவிடும்.

1909-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். 1946-இல் இங்கே பட்டப்படிப்பும் வந்தது. இத்தனை வருடமாகச் செவிலியம் கற்பித்துவரும் ஊரைச் சுற்றி, பாலாற்றங்கரைக் கிராமங்களில் தினமும் யாரோ ஒரு மாணவி பையோடு ஒரு திண்ணையில் போய் உட்காருகிறாள். அவள் சொல்ல ஒரு நல்ல சொல் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எழுதும்போது: குடும்ப நலமறிதல் என்பது வேலையின் பெயர். தாளுக்கு நலமறி படிவம், எழுதி வைத்ததற்கு நலமறி குறிப்பு. வினையாக, 'அந்தக் குடும்பத்தின் நலமறிந்தேன்'. ஆனால் வாசலில் நின்று இதில் எதையும் சொல்ல வேண்டாம். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா ஆயா, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள், அவர் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்த பிறகு படிவத்தை எடுங்கள்.